கிருபாபாய் டீச்சரின் திருத்தம்

எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷம் தமிழ் நடத்தினேன். அந்த முப்பது வருஷத்தில் நான் சண்டை போடாத துறை ஒன்றுகூடக் கிடையாது. கணக்குத் துறைத் தலைவர் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. இந்த ஆவுடையப்பன் ஒருவரை வாய்விட்டுப் புகழ்கிறான் என்றால் அதில் விஷயம் இருக்கும் என்று நீங்கள் நம்பவேண்டும், அதற்காகச் சொல்கிறேன். நான் புகழப்போவது எங்கள் கல்லூரி இயற்பியல் கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்த கிருபாபாய் டீச்சரை.

டெமான்ஸ்ட்ரேட்டர் என்றால் வகுப்பில் பாடம் நடத்துகிறவர் அல்ல. சோதனைக்கூடத்தில் கருவிகளை எடுத்துக் கொடுத்து, எப்படி அளப்பது என்று காட்டி, பிள்ளைகளின் நோட்டில் கையெழுத்துப் போடுகிறவர். டீச்சர் எம்.எஸ்ஸி. படித்தவர், அதுவும் மதராஸில் போய். நாசரேத்து மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஜேசுபாதத்தின் மூத்த மகள். அந்தப் படிப்புக்கு விரிவுரையாளர் வேலை கொடுத்திருக்க வேண்டும். 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவரும் அடுத்த வருஷத்தைப் பதினோரு தடவை பார்த்துவிட்டார்.

அவருடைய கூடத்தில் ஒரு விசித்திரமான சட்டம் உண்டு. விடை மிகச் சரியாக வந்த பிள்ளைக்குத்தான் திட்டு விழும். ஊசல் குண்டை ஆட்டிப் புவியீர்ப்பைக் கணக்கிடும் சோதனையில், புத்தகத்தில் போட்டிருக்கிற எண்ணையே ஒரு பெண் கொண்டுவந்து நீட்டினால் போதும், டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

"ஏளா, இந்த ஸ்டாப் கிளாக்கே உப்புக்காத்துல துருப்பிடிச்சுக் கெடக்கு. ஒனக்கு மட்டும் எப்படி இவ்வளவு சுத்தமா வந்துது? பாத்தத எழுது. வரணும்னு நெனச்சத எழுதாத."

வராந்தாவில் போகும்போது இது என் காதில் விழும். இந்த அம்மாவுக்கு வேறு வேலை இல்லை, பிள்ளைகளைப் போட்டு இந்தப் பாடு படுத்துகிறாரே என்றுதான் அப்போது நினைப்பேன்.

எழுபத்தைந்தாம் வருஷம். புதுத் துறைமுகம் வந்த ஜோரில் ஊர் முழுக்க லாரியும் புழுதியும். கல்லூரியில் தமிழிலேயே பி.எஸ்ஸி. படிக்கும் பிள்ளைகள் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டிருந்தார்கள். படிக்கத்தான் புத்தகம் இல்லை. பாளையங்கோட்டையில் இருந்த பேராசிரியர் தளவாய், தென்மாவட்டக் கல்லூரிக்காரர்கள் சிலரைச் சேர்த்துக் குழு ஒன்று வைத்து, தமிழில் இயற்பியல் புத்தகம் கொண்டுவர முனைந்தார். பதினேழு அத்தியாயங்களுக்கு ஆள் கிடைத்துவிட்டது. பதினெட்டாவதைத் தொட ஒருவரும் வரவில்லை. குவாண்டம் இயற்பியலில் அளவிடுதல் என்றால் என்ன, அதற்கு அறிஞர்கள் சொல்லும் விளக்கங்கள் என்ன என்பதுதான் அந்த அத்தியாயம். பெரிய பெரிய விரிவுரையாளர்கள் எல்லாம் 'அது தத்துவம், பரீட்சைக்கு வராது' என்று நழுவினார்கள். டீச்சர் எழுதுகிறேன் என்றார்.

தளவாய் மகிழ்ந்துபோனார். நன்றாக வந்தால் விரிவுரையாளர் பதவிக்குத் தானே சிபாரிசுக் கடிதம் தருவதாகச் சொன்னார். அவர் வார்த்தைக்கு அப்போது அவ்வளவு மதிப்பு இருந்தது. டீச்சரின் தமிழைச் சரிபார்க்க என்னைப் போட்டார்கள். என் தலையெழுத்து, நானும் சரியென்று தலையாட்டினேன்.

தினமும் நாலு மணிக்குப் பிள்ளைகள் போனபின் சோதனைக்கூடத்தில் எதிரும் புதிருமாக உட்காருவோம். அவர் எழுதி வந்ததை நான் அடிப்பேன். நான் அடித்ததை அவர் மறுபடி எழுதுவார். சொல்லைத் திருத்த வேண்டுமானால் முதலில் விஷயம் புரியவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அவரும் சளைக்காமல் சொல்லித் தந்தார்.

"ஐயா, எலெக்ட்ரானுக்குச் சுழற்சின்னு ஒரு கொணம் இருக்கு. மேலயா கீழயான்னு கருவிய வச்சுக் கேட்டா ரெண்டுல ஒண்ணச் சொல்லும். எப்பவும் ரெண்டுல ஒண்ணுதான். சரியா?"

"சரி."

"கேக்கதுக்கு முன்னால என்னவா இருந்துது?"

"இதென்ன கேள்வி? ரெண்டுல ஒண்ணாத்தான் இருந்திருக்கும். நீங்க கேட்டிய, அது சொல்லிச்சு."

"அங்கனதான் இடிக்கு," என்று சிரித்தார். "இத்தனைக்கு இத்தனை வாய்ப்புன்னு மட்டுந்தான் கணக்கு சொல்லுது. இதுதான் முன்னாலயே இருந்த விடைன்னு அதுல எங்கயும் கெடையாது. போர் அப்படின்னு ஒருத்தர், கோபன்ஹேகன்ல இருந்தவரு. அவரு கூட்டத்துக்காரவ, அளக்குற வரைக்கும் விடைன்னு ஒண்ணு இருந்ததாப் பேசுததே தப்புன்னு சொல்லுதாவ. ஐன்ஸ்டைன் ஒத்துக்கிடல. விடை உள்ள இருக்கு, நம்ம கணக்குதான் அரைகொறைன்னாரு. அமெரிக்காவுல ஒருத்தர், எல்லா விடையுமே நடக்கு, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஒரு உலகம் பிரிஞ்சு போகுதுன்னு எழுதிருக்காரு."

"அப்படியானால் ஏதோ ஒரு உலகத்துல தூத்துக்குடிக் குழாயில தண்ணி வந்திருக்கும்," என்றேன். காலையில் குடத்தோடு ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்த எரிச்சல் எனக்கு.

"வந்திருக்கும். ஆனா நாம அங்கன போய்ப் பிடிக்க முடியாது."

இன்னொரு நாள் கப்பல் தபாலில் மாதக்கணக்கில் தாமதித்து வந்த ஒரு பத்திரிகையைக் காட்டினார். அமெரிக்காவில் மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்த சோதனை. ஒரே அணுவிலிருந்து பிறந்து எதிரெதிர்த் திசையில் போகும் இரண்டு ஒளித்துகள்களைத் தனித்தனியே அளக்கிறார்கள். விடையை இரண்டும் பிறக்கும்போதே மடியில் கட்டிக்கொண்டு புறப்பட்டிருந்தால், இரண்டின் விடைகளும் ஒத்துப்போவதற்கு ஒரு வரம்பு உண்டு. எண்ணிப் பார்த்தால் அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. எங்கோ இருக்கும் ஒன்று இன்னொன்றுக்குக் கண்மூடித் திறப்பதற்குள் சேதி சொல்கிறது என்று வைத்துக்கொண்டால் வேறு கதை. இல்லாவிட்டால் முன்பே எழுதிவைத்த விடை என்று எதுவும் இல்லை. எனக்குத் தலை சுற்றியது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இத்தனையையும் அவர் ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற தமிழில், அவசரப்படாமல், முடிவு தெரியாததை முடிவு தெரியவில்லை என்றே எழுதியிருந்தார். அப்படி ஒரு தமிழை நான் அதற்குமுன் படித்ததில்லை.

வாயை மூடிக்கொண்டு அதோடு விட்டேனா? இல்லை. தமிழ் வாத்தியார் ஆயிற்றே, உவமை வேண்டாமா?

"எல்லாம் நல்லாருக்கு. கடைசியில ஒரு உவமை போடுங்க. பிள்ளை மனசுல ஒட்டணும். நம்ம ஊர் உவமையா இருக்கணும்," என்றேன். நானே எடுத்தும் கொடுத்தேன்.

நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்த புதிதில் முத்துக்குளிப்பு நடந்தது. தாமிரவருணித் தண்ணீரில் நெல் விளைகிற ஊர்க்காரன் நான். கடலையே சரியாகப் பார்த்ததில்லை. கரையில் சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாகக் குவித்து ஏலம் விடுவார்கள். ஏலம் முடியும்வரை யாரும் கத்தி தொடக்கூடாது. உள்ளே என்ன இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாமலே கேட்பார்கள். ஒரே குவியல் பொழுது சாய்வதற்குள் நாலு கை மாறும், திறக்காமலே ஒருவன் சிரிப்பான், இன்னொருவன் தலையில் கைவைத்து உட்காருவான். 'தெறக்குற வரைக்கும் அதுல ஒண்ணுமில்ல, எல்லாமும் இருக்கு' என்று வியாபாரிகள் சொல்வது இந்தக் கரையில் சர்வசாதாரணப் பேச்சு. எனக்கு அது அப்படியே பிடித்துப்போயிருந்தது. அன்றைக்கு அதை எலெக்ட்ரானுக்கு மாட்டினேன்.

டீச்சர் பேனாவை மூடி வைத்துக்கொண்டு யோசித்தார். "ஐயா, இது சரியா வருமா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"ஏன் வராது? முத்துக் கரையில இருந்துக்கிட்டு ஐரோப்பாக்காரன் உதாரணத்துக்குக் காத்துக்கிடக்கணுமாக்கும்? எழுதுங்க டீச்சரம்மா!"

எழுதினார். பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு. எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்: 'கடலிலிருந்து வந்த சிப்பியைப் பாருங்கள். மூடியிருக்கும்வரை அதில் முத்து உண்டென்றும் சொல்வதற்கில்லை, இல்லையென்றும் சொல்வதற்கில்லை. கத்தியின் நுனி உள்ளே நுழையும் கணத்தில்தான் உண்டா இல்லையா என்பதே தீர்மானமாகிறது. எலெக்ட்ரானும் அவ்வாறே.'

பேராசிரியர் தளவாய் அதைப் படித்துவிட்டு ஆளே மாறிப்போனார். போகிற கூட்டத்தில் எல்லாம் அந்த நாலு வரியை வாசித்துக் காட்டினார். தமிழில் அறிவியல் எழுத முடியாது என்கிறவன் வாயை இந்தச் சிப்பி அடைத்துவிடும் என்றார். எங்கள் முதல்வர் முதன்முறையாக டீச்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். அடுத்த வருஷம் என்பது இந்த வருஷமாகிவிட்டது என்று கூடத்து ஊழியர்வரை எல்லோருக்கும் சந்தோஷம். டீச்சர் நாசரேத்துக்குக் கடிதம் போட்டார். அவருடைய அப்பா ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார் என்று பதில் வந்ததாம்.

அச்சான பக்கங்கள் கைக்கு வந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. யாருக்காவது வாசித்துக் காட்டவேண்டும். கடற்கரைச் சாலையில் பாஸ்கல் கடை வைத்திருந்தார். கப்பல்காரர்கள் கொண்டுவரும் லைட்டர், சோப்பு, கூலிங் கிளாஸ் எல்லாம் அங்கே கிடைக்கும். கடைசி முத்துக்குளிப்பில் சிப்பி ஏலம் எடுத்தவர் அவர். இவரைவிடப் பொருத்தமான ஆள் யார் என்று அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன்.

பாஸ்கல் கேட்டார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"யாரு சார் எழுதினது? கத்தி போய்த்தான் முத்த உண்டாக்குதாக்கும்? முத்து அது பாட்டுக்கு உள்ள கெடக்கு. இல்லன்னா இல்ல. தெரியாதது நமக்குத்தான. ஏலம் எடுத்தவனுக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கும், சரி. முத்துக்கு என்ன வந்துது?"

"ஓய், நீரு என்ன இயற்பியல் படிச்சவரா? பெரிய பெரிய பேராசிரியரே பாராட்டுதாங்க. ஒமக்கு என்ன தெரியும்?" என்று சத்தம் போட்டுவிட்டுப் பக்கங்களைச் சுருட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் இதை ஒரு வேடிக்கையாகத்தான் டீச்சரிடம் சொன்னேன். சிப்பி வியாபாரி குவாண்டம் இயற்பியலுக்கு மறுப்புச் சொல்கிறான் பாருங்கள் என்று. டீச்சர் சிரிக்கவில்லை. கையிலிருந்த ஸ்குரூகேஜை மேஜைமேல் வைத்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அவரு சரியாச் சொல்லிட்டாரு ஐயா."

"என்னது?"

"விடை முன்னாலயே உள்ள இருந்துது, நமக்குத்தான் தெரியலன்னு சொல்லுதவரு ஐன்ஸ்டைன். சிப்பி அவரு கட்சி. அப்படி எடுத்துக்கிட்டா சோதனையோட ஒத்துப்போகலன்னு நான் நாலு பக்கம் எழுதிட்டு, அதே சிப்பிய உவமையா வச்சு முடிச்சிருக்கேன். படிக்கிற பிள்ளைக்கு நாலு பக்கமா மனசுல நிக்கும்? சிப்பிதான் நிக்கும்."

நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். உவமை என்றால் எல்லாக் கூறும் பொருந்தவேண்டியதில்லை, இலக்கணமே அதற்கு இடம் தருகிறது என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எது முக்கியமோ அந்தக் கூறுதான் பொருந்தல ஐயா," என்றார்.

அன்றைக்கு மதியமே டீச்சர் என்னோடு பாஸ்கலின் கடைக்கு வந்தார். அவர் வாயாலேயே மறுப்பைக் கேட்கவேண்டுமாம். நான் முதல்நாள் போட்ட சத்தத்தை நினைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். பாஸ்கல் மறுபடி ஒருமுறை சொன்னார். டீச்சர் கவனமாகக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, இங்கன உள்ள கூலிங் கிளாஸையெல்லாம் கொஞ்சம் எடுங்க," என்றார். ஷோகேஸ் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் வெயிலை ஒவ்வொன்றின் வழியாகவும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதிக்குமேல் வெறும் சாயக் கண்ணாடி என்று ஒதுக்கினார். திருப்பும்போது கண்கூச்சத்தை அடக்கிக் காட்டிய உண்மையான போலராய்டு ஒன்றுதான் தேறியது. இன்னொன்று பாஸ்கல் தான் போட்டுக்கொள்ள வைத்திருந்தது.

"மூணு சில்லு வேணும் அண்ணாச்சி. சட்டத்துலேர்ந்து கழத்தினாத்தான் முடியும்."

"கழத்துங்க. எந்தச் சிப்பிய இப்படித் தொறக்குதியன்னுதான் பாப்பமே."

முதல் சில்லைப் பிடித்தார். வெளிச்சம் மங்கலாக வந்தது. அதன்மேல் இரண்டாவதைக் குறுக்குவாட்டில் வைத்தார். கும்மிருட்டு; ஒன்றும் தெரியவில்லை.

"இது ரெண்டும் சல்லடைன்னு வச்சுக்கிடுங்க. ஒண்ணு நெட்டுக்குத்தா ஆடுற வெளிச்சத்த விடும். ஒண்ணு குறுக்கா ஆடுறத விடும். ரெண்டுலயும் தப்பி ஒண்ணும் வரல. இப்ப நடுவுல இன்னொரு சல்லடை போட்டா?"

"இன்னும் அடைக்கும். சலிக்கச் சலிக்கக் கொறையத்தான செய்யும்?" என்றார் பாஸ்கல்.

டீச்சர் மூன்றாவது சில்லைச் சாய்வாக நடுவில் நுழைத்தார். வெளிச்சம் வந்துவிட்டது. எதிரே கடற்கரைச் சாலை, லாரி, சுவரில் ஒட்டியிருந்த சினிமா போஸ்டர் எல்லாம் தெரிந்தது.

"மாதாவே!" என்று பாஸ்கல் சிலுவை போட்டுக்கொண்டார். நான் சில்லைப் பிடுங்கி நானே வைத்துப் பார்த்தேன். நடுச்சில்லை எடுத்தால் இருட்டு, வைத்தால் வெளிச்சம். பத்துத் தடவையாவது செய்திருப்பேன்.

"சும்மா சலிச்சா இப்படி வராது," என்றார் டீச்சர். "நடுவுல உள்ளது, இருந்தத எடுத்துக் காட்டல. அதுல போய் வெளியே வந்தது புது ஆளு. ஆனா இத மட்டும் வச்சு முடிவு சொல்லிரப்படாது. தொட்டதுல மாறிட்டுன்னு ஒருத்தர் வாதாடலாம். அதுக்கு மேல உள்ள சோதனைய இந்தக் கடையில வச்சுச் செய்ய முடியாது."

"செரி டீச்சர். என் சிப்பி கத வேற, ஒங்க வெளிச்சத்துக் கத வேற. அத எழுதிருங்க," என்றார் பாஸ்கல். இருபது வரியில் நான் சொல்லியிருக்க வேண்டியதை அந்த மனுஷன் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை பாளையங்கோட்டையில் குழுக் கூட்டம். இருவரும் போனோம். டீச்சர் எழுந்து நின்று, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் தவறு, அதை எடுத்துவிட்டு வேறு பக்கம் சேர்க்கவேண்டும் என்றார். புதிய பக்கத்தை எழுதியே கொண்டுவந்திருந்தார். தளவாய் முதலில் சிரித்தார், அப்புறம் சிரிக்கவில்லை.

"அச்சடிச்சாச்சும்மா. தலைப்புப் பக்கமும் பைண்டிங்கும்தான் பாக்கி. ஒரு உவமைதானே? யாரு கவனிக்கப்போறா?"

"பிள்ளைக கவனிக்கும் சார். அப்படியே நம்பிரும்."

"நான் பத்து மேடையில பேசியிருக்கேன் இதை. இப்போ தப்புன்னு சொன்னா குழுவுக்கு என்ன மரியாதை? உங்களுக்குத்தான் என்ன மரியாதை? தப்பா எழுதுறவங்களை விரிவுரையாளராப் போடுங்கன்னு நான் எப்படிச் சிபாரிசு பண்றது?" கொஞ்சம் இறங்கி வந்தார். "பேசாம இருங்க. புத்தகம் வரட்டும். கடிதம் தாரேன். அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

அறையில் எட்டுப் பேர் இருந்தோம். அந்த உவமை என்னுடையது என்று தெரிந்த ஆட்கள் இரண்டே பேர். டீச்சர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் எழுதினது, தப்பு என்னது. இத மாத்தாம வர்ற புத்தகத்துல என் பேரு இருக்கப்படாது," என்றார். ஒரு தாளை வாங்கி அங்கேயே அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எதற்கெடுத்தாலும் எகிறிக் குதிக்கிற நான், ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிற நான், அன்றைக்குப் பேசவேண்டிய ஒரே இடத்தில் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பற்றி நினைத்தால் எனக்கே இன்றும் கூசுகிறது.

புத்தகம் வந்தது. சிப்பி அப்படியே இருந்தது. ஆசிரியர் பட்டியலில் பதினேழு பேர் இருந்தார்கள். பதினெட்டாம் அத்தியாயம் 'குழுவினர்' என்று போட்டிருந்தது. அந்த ஜூன் மாதம் விரிவுரையாளர் வேலை வெளியூர்க்காரர் ஒருவருக்குப் போயிற்று. டீச்சர் அவருக்கும் கருவிகளை எடுத்து வைத்துக் கொடுத்தார். நாசரேத்துக்கு என்ன எழுதினாரோ, நான் கேட்கவில்லை.

இதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். கிருபாபாய் டீச்சர் அப்படி நினைக்கவில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு சீட்டு அச்சடித்து வாங்கியிருந்தார். 'திருத்தம். பக்கம் 212. சிப்பி உவமை தவறு. சிப்பியில் முத்து, திறப்பதற்கு முன்பே உண்டு அல்லது இல்லை, அறியாதது நாம்தான். எலெக்ட்ரானைப் பற்றி அவ்வாறு சொல்ல ஆதாரம் இல்லை.' கீழே மூன்று கூலிங் கிளாஸ் சில்லுகளை வைத்துச் செய்யும் சோதனை நாலு வரியில். எந்தெந்தக் கல்லூரி நூலகம் எத்தனை பிரதி வாங்கியது என்று கேட்டு எழுதி வைத்திருந்தார். விடுமுறை நாட்களில் சீட்டுக்கட்டையும் கோந்துப் புட்டியையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். திருச்செந்தூர், கோவில்பட்டி, நாகர்கோவில், சாத்தூர். நூலகரிடம் விஷயத்தைச் சொல்லி, உட்கார்ந்து, ஒவ்வொரு பிரதியிலும் தன் கையாலேயே ஒட்டிவிட்டு வருவார்.

இரண்டாவது மாதம் வெட்கம் தாங்காமல் நானும் கூடப் போனேன். கோந்துப் புட்டி என் கைக்கு வந்தது. சீட்டில் அவர் பெயர் இல்லாததைப் பார்த்துவிட்டு, போடவேண்டியதுதானே என்று கேட்டேன். "திருத்தம்தான ஐயா வேணும்? யாரு திருத்தினா என்ன?" என்றார். கயத்தாறு தாண்டும்போது பஸ்ஸிலேயே மனசைத் திறந்து சொல்லிவிட்டேன்.

"டீச்சரம்மா, அன்னைக்கு நான் எந்திரிச்சு, அது என் உவமைன்னு சொல்லிருக்கணும். என்னால ஒங்க வேலையே போச்சு."

"நீங்க தந்திய, நான் வாங்குனேன். சரிபாக்குறது என் வேலைலா?" என்றார். வருத்தம் இல்லாமல் இல்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ராத்திரியெல்லாம் வேலைய நெனச்சு அழுதிருக்கேன் ஐயா. அது வேற. ஆனா தெரிஞ்சே ஒரு தப்பப் பிள்ளைக கையில குடுத்துட்டு அந்த நாக்காலியில உக்காரச் சொன்னா, என்னால ஆகாது."

எழுபத்தேழு பிப்ரவரியில் செங்கோட்டைப் பக்கம் ஒரு சின்னக் கல்லூரிக்குப் போனோம். நூலகர் செல்லப்பாண்டி ஒரே ஒரு பிரதியை எடுத்து வந்து கொடுத்தார். முனையெல்லாம் மடங்கி, அட்டை கழன்று, நன்றாகப் புழங்கிய புத்தகம். நான் கோந்துப் புட்டியைத் திறந்தேன். டீச்சர் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்தார். பிரித்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சிப்பி உவமைக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் பொடிப்பொடியாக யாரோ எழுதியிருந்தார்கள். 'முத்து முன்பே உள்ளே இருக்கிறதே? நாம் பார்க்காததால் இல்லாமல் போகுமா? எலெக்ட்ரான் அப்படி இல்லை என்று முந்தின நாலு பக்கமும் சொல்கிறது. அப்படியானால் இந்த உவமை எப்படிச் சரி?'

யார் எழுதியது என்று நூலகருக்குத் தெரியவில்லை. தமிழில் படிக்கிற பிள்ளைகள் முப்பது பேர் மாற்றி மாற்றி எடுத்துப் போவார்களாம், அதில் யாரோ.

டீச்சர் அந்தப் பென்சில் எழுத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தார். "நாலு பக்கமும் வாசிச்சிருக்கு ஐயா. ஒரு பிள்ள நாலு பக்கமும் ஒழுங்கா வாசிச்சிருக்கு," என்றார்.

சீட்டை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார். என் சட்டைப் பையிலிருந்த பேனாவை வாங்கி, அந்தப் பென்சில் வரிகளுக்குக் கீழே எழுதினார்: 'நீ கேட்டது சரி. முந்தின நாலு பக்கத்தை நம்பு. உவமை என் தவறு. கிருபாபாய்.'

மை காயும்வரை புத்தகத்தை விரித்தே வைத்திருந்தோம். அந்தப் புத்தகத்தில் ஆயிரம் பிரதி அச்சடித்தார்கள். டீச்சர் பெயர் இருப்பது அது ஒன்றில்தான்.